கையொப்பம் வாங்குமுன் கைமொழி கேளுங்கள்

காது கேளாத ஒருவர் பொலிஸ் நிலையத்தின் படியேறும்போது என்ன நடக்கிறது? சட்டம் அவருக்கு எதைத் தந்திருக்கிறது, எது இன்னும் கைக்கு வரவில்லை? கொழும்பு வடக்கின் கிராண்ட்பாஸை நடுவில் வைத்து ஒரு பார்வை.

"பொலிஸுக்குத் தனியாகப் போகாதே. சிங்களம் எழுத வாசிக்கத் தெரிந்த ஆளாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போ."

கிராண்ட்பாஸின் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் புத்திமதி தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது. அடையாள அட்டை தொலைந்தாலும் சரி, வாசலில் நிறுத்திய சைக்கிள் களவு போனாலும் சரி, முறைப்பாடு பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படும். கீழே கையொப்பம் வைப்பவர் தமிழர். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இன்னொருவர் சொல்லித்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். ஆமர் வீதியிலிருந்து களனி ஆற்றங்கரை வரை, நாகலகம் வீதி, மாதம்பிட்டிய, சென். ஜோசப் வீதி என்று நெருக்கியடித்து நிற்கும் வத்தைக் குடியிருப்புகளில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் மலாயரும் சுவரோடு சுவராக வாழ்கிறார்கள். தெருவில் மொழிகள் கலந்து ஓடுகின்றன. பொலிஸ் புத்தகத்தில் அந்தக் கலப்பு இல்லை.

இதே வத்தையில் பிறவியிலேயே காது கேளாத ஒரு தமிழர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை யாரோ அடித்துவிட்டார்கள். அவர் சைகையில் சொல்வது முதலில் அம்மாவுக்குப் போகிறது. அம்மாவுக்குச் சைகை மொழி முறையாகத் தெரியாது; வீட்டுக்குள் பழகிய சில அசைவுகள்தான் தெரியும். அம்மா புரிந்துகொண்டதைத் தமிழில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்கிறார். அவர் அதைச் சிங்களமாக்கி கான்ஸ்டபிளிடம் சொல்கிறார். கான்ஸ்டபிள் தன் நடையில் எழுதுகிறார். கடைசியில் தாள் திரும்பி வந்து, அடிபட்டவரின் கையில் பேனா கொடுக்கப்படுகிறது. மூன்று பேரைக் கடந்து வந்த கதையில் அவருடைய சொல் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

தமிழர்கள் பல பத்தாண்டுகளாகப் பொலிஸிடம் கேட்டுவரும் ஒன்றைத்தான் காது கேளாதோரும் கேட்கிறார்கள்: என் வாக்குமூலத்தை என் மொழியில் எடுங்கள். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் வெளிவந்த தன் அறிக்கையில் இதைத் தெளிவாகவே சொன்னது. ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் இரு மொழியும் தெரிந்த உத்தியோகத்தர்கள் 24 மணி நேரமும் இருக்க வேண்டும், முறைப்பாட்டாளர் தான் விரும்பும் மொழியில் வாக்குமூலம் கொடுக்க உரிமை வேண்டும் என்பது அதன் பரிந்துரை. அப்போது மனதில் இருந்தவை சிங்களமும் தமிழும். அந்த வரியைச் சைகை மொழிக்கும் நீட்டினால், காது கேளாத சமூகத்தின் கோரிக்கை முழுவதும் அதில் அடங்கிவிடும்.

சட்டம் சொல்வது

சட்டப் புத்தகத்தில் இதற்கான விதை ஏற்கெனவே இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு, விசாரணையில் எடுக்கப்படும் வாக்குமூலத்தை எழுதிய பின் அதைக் கொடுத்தவருக்குக் காட்ட வேண்டும் அல்லது வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது. எழுதிய மொழி அவருக்கு விளங்காவிட்டால், விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். திருத்தவோ மேலும் சேர்க்கவோ அவருக்குச் சுதந்திரம் உண்டு. காது கேளாதவருக்கு வாசித்துக் காட்டுவது எந்தப் பொருளும் இல்லாத சடங்கு. அவருக்கு விளங்கும் மொழி சைகை மொழியானால், இந்தப் பிரிவு நேர்மையாக நிறைவேற ஒரே வழி உரைபெயர்ப்பாளர்.

அரசியலமைப்பின் 13(1)ஆம் உறுப்புரை, கைதாகும் எவருக்கும் கைதுக்கான காரணம் தெரிவிக்கப்பட வேண்டும் என்கிறது. முகத்துக்கு நேரே உரக்கச் சொல்லிவிட்டால் காரணம் தெரிவிக்கப்பட்டதாகிவிடுமா? கேட்காத காதில் சொன்ன காரணம், சொல்லாத காரணம்தான். 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று சொல்லி, மாற்றுத்திறனாளிகளின் முன்னேற்றத்துக்காகச் சிறப்பு ஏற்பாடுகள் செய்யவும் இடம் தருகிறது. நீதிமன்ற வழக்கு விசாரணையில் மொழி விளங்காதவருக்கு உரைபெயர்ப்பாளர் உதவி உண்டு என்பதை 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கக் குடிசார், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் (ஐ.சி.சி.பி.ஆர்.) சட்டம் உறுதிப்படுத்துகிறது.

இவற்றுக்கெல்லாம் முன்பே, 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் பேச இயலாத சாட்சி எழுத்தாலோ சைகையாலோ திறந்த நீதிமன்றத்தில் சாட்சியம் தரலாம் என்றும், அது வாய்மொழிச் சாட்சியமாகவே கருதப்படும் என்றும் எழுதிவைத்தது. நூற்றாண்டுக்கு மேலாக நீதிமன்றக் கூண்டில் சைகைக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் கூண்டுக்கு வந்துசேருமுன் எல்லா வழக்கும் பொலிஸ் நிலையத்து மேசையில்தான் உருவாகிறது. அந்த மேசையில் எழுதப்பட்ட முதல் வாக்குமூலம் பிழையென்றால், பிற்பாடு நீதிமன்றத்தில் உண்மையைச் சொன்னாலும் அது "முரண்பாடு" என்று குறுக்கு விசாரணைக்குத் தீனியாகும்.

இலங்கை, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தில் 2007 மார்ச்சில் கையொப்பமிட்டு 2016 பெப்ரவரியில் அதை ஏற்புறுதி செய்தது. அதன் 13ஆம் உறுப்புரை நீதியை அணுகும் உரிமையைப் பற்றியது. விசாரணைக் கட்டத்திலிருந்தே ஏற்ற வசதிகள் தர வேண்டும், பொலிஸாருக்கும் சிறை அலுவலருக்கும் உரிய பயிற்சி அளிக்க வேண்டும் என்று அது பெயர் குறித்தே சொல்கிறது. உள்நாட்டில் இதற்கு அடித்தளமாக இருப்பது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம். சைகை மொழிக்குத் தனிச் சட்ட அங்கீகாரம் தருவது பற்றிய பேச்சு அமைச்சரவை மட்டத்திலும் வெளியிலும் ஆண்டுக்கணக்கில் நடந்து வருகிறது.

கட்டடங்களில் சக்கர நாற்காலிக்குச் சாய்வுதளம் வைக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. அவற்றை அமல்படுத்தும்படி 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சாய்வுதளம் இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியும், வழக்கும் போடலாம். மொழிக்கான வழி இல்லாதது கண்ணுக்குத் தெரிவதில்லை. காது கேளாதவர் படியேறிப் போவார், நிற்பார், ஒன்றும் நடக்காமல் திரும்பி வருவார்.

முதல் இரண்டு நிமிடம்

பொலிஸ் நிலையத்துக்குள் நடப்பது ஒரு பாதி. மறுபாதி தெருவில், சோதனைச் சாவடியில், இரவில் நடக்கிறது. அங்கேதான் ஆபத்து அதிகம்.

கொழும்பு வடக்குக்குச் சோதனைச் சாவடி புதிதல்ல. போர்க் காலத்தில் ஆமர் வீதியைத் தாண்டுவதற்குள் எத்தனை தடவை அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்கள் என்று இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்தக் காலம் திரும்பி வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. 2023 டிசம்பர் 17 அன்று போதைப்பொருளுக்கு எதிரான 'யுக்திய' நடவடிக்கை தொடங்கியது. ஒரு மாதத்துக்குள் 29,000 பேருக்கு மேல் கைதானதாகச் சுட்டிக்காட்டி, ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2024 ஜனவரியில் கவலை வெளியிட்டது. வத்தைக்குள் இரவில் திடீரென நுழைந்து தேடும் நடவடிக்கைகளில் எல்லாமே குரலால் நடக்கிறது. "நில்", "கதவைத் திற", "கையைத் தூக்கு". முதுகுக்குப் பின்னால் வரும் கட்டளை காது கேளாதவரை எட்டாது. அவர் நடந்துகொண்டே இருப்பார். பார்ப்பவருக்கு அது பணிய மறுப்பதாகத் தெரியும். திரும்பிப் பார்த்ததும் பதறி, தன் காதைத் தொட்டுக் காட்டக் கையை வேகமாக உயர்த்துவார், அல்லது அட்டையை எடுக்கச் சட்டைப் பைக்குள் கை விடுவார். ஆயுதம் எடுக்கிறானோ என்று உத்தியோகத்தர் பயப்படுவதும் அந்தக் கணத்தில்தான்.

சொன்னதற்கு உடனே பதில் வராதவரை முரடர் என்று எடுத்துக்கொண்டதன் விளைவை இலங்கை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2020 மே 25 அன்று, ஊரடங்கு காலத்தில், அளுத்கமவில் சைக்கிளில் வந்த 14 வயதுச் சிறுவனைச் சோதனைச் சாவடியில் பொலிஸார் தாக்கினார்கள். அவன் ஆட்டிசம் உள்ள பிள்ளை. கேட்ட கேள்விக்கு அவர்கள் எதிர்பார்த்தபடி பதில் சொல்லும் நிலை அவனுக்கு இல்லை. விடயம் வெளியே வந்து பெரும் கண்டனம் எழுந்த பிறகு உத்தியோகத்தர்கள் பணி இடைநிறுத்தப்பட்டார்கள்.

அதற்கு முன்னர் 2009 அக்டோபர் கடைசியில், வெள்ளவத்தைக்கு அடுத்த பம்பலப்பிட்டிக் கடற்கரையில், மனநலம் குன்றிய தமிழ் இளைஞர் ஒருவர் கடலுக்குள் துரத்தப்பட்டுத் தடியால் தாக்கப்பட்டு மூழ்கி இறந்தார். அவர் இரு கைகளையும் கூப்பிக் கெஞ்சியது வீடியோவில் பதிவாகி நாடெங்கும் ஒளிபரப்பானது. பொலிஸ் கான்ஸ்டபிள் ஒருவர் கைதானார். அந்த இளைஞருக்குக் காது கேட்கும். ஆனால் கூப்பிய கையைவிடத் தெளிவான மொழி இந்த நாட்டில் எது? அதையும் அன்று யாரும் வாசிக்கவில்லை.

தவறாகப் படிக்கப்படும் உடல்

காது கேளாதோர் பற்றிப் பரவலாக இருக்கும் சில நம்பிக்கைகள் விசாரணையில் நேரடியாக அநியாயமாக மாறுகின்றன.

முதலாவது, உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வார்கள் என்பது. பேச்சின் ஒரு பகுதிதான் உதட்டில் தெரியும். தமிழில் 'ப'வும் 'ம'வும் உதட்டில் ஒன்றே. 'பணம் எங்கே' என்று கேட்டாலும் 'மணம் எங்கே' என்று கேட்டாலும் பார்ப்பவர் கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. 'க', 'ங' போன்ற ஒலிகள் தொண்டைப் பக்கம் பிறப்பதால் உதட்டில் தெரிவதே இல்லை. அதிலும் அறியாத மனிதர், அவசரப் பேச்சு, மீசை, இருட்டு, கேள்வி வேறு மொழியில் என்றால் மிஞ்சுவது ஊகம் மட்டும்தான். கொரோனா காலத்து முகக்கவசம் அந்த ஊகத்துக்கும் இடம் வைக்கவில்லை.

இரண்டாவது, எழுதிக் கேட்டால் போதும் என்பது. பிறவியிலேயே கேளாதவருக்கு எழுத்துத் தமிழும் எழுத்துச் சிங்களமும் காதால் வந்த மொழிகள் அல்ல. பள்ளியில் பாடுபட்டுக் கற்ற இரண்டாம் மொழிகள். சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. யார் யாரை அடித்தார் என்பதை அங்கே கை நகரும் திசை காட்டும்: அடித்தவர் இருக்கும் இடத்திலிருந்து அடிபட்டவர் இருக்கும் இடத்துக்குக் கை போகும். தமிழில் அந்த வேலையை 'ஐ' என்ற ஒரு வேற்றுமை உருபு செய்கிறது. 'அவன் என்னை அடித்தான்' என்று எழுத நினைத்தவர் 'அவன் நான் அடி' என்று எழுதிக் கொடுத்தால், அதை நிரப்பி எழுதும் உத்தியோகத்தரின் பேனாவில் பாதிக்கப்பட்டவரே சந்தேகநபராக மாறிவிடலாம்.

மூன்றாவது தலையாட்டல். காது கேளாதவர் எதிரிலிருப்பவரைப் பார்த்துத் தலையாட்டுவது பல வேளைகளில் 'பார்த்துக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள்' என்பதற்காக. சில வேளைகளில், புரியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வெட்கப்பட்டு, அல்லது இந்த இடத்தைவிட்டு எப்படியாவது வெளியேறினால் போதும் என்ற பயத்தில். கேள்வி கேட்பவர் அதை 'ஆம்' என்று பதிந்துகொள்கிறார்.

அப்புறம் விலங்கு. கையைப் பின்னால் கட்டி விலங்கிடுவது பொலிஸாருக்கு வழக்கமான நடைமுறை. சைகை மொழிக்காரருக்கு அது வாயைக் கட்டுவது. கைதானவுடன் கைபேசியைப் பறிமுதல் செய்வதும் வழக்கம்தான். வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு வந்த பிறகு, காது கேளாத பலருக்குக் குடும்பத்தோடும் உரைபெயர்ப்பாளரோடும் பேசும் வழியே அதுதான். கைபேசியும் போய், கையும் பின்னால் போனால் அவருக்கு இந்த உலகத்தோடு பேச எதுவும் மிஞ்சாது. பொலிஸ் நிலையத்துச் சிறைக்கூண்டில் வெளிச்சம் மங்கலாக இருந்தால் பார்வை வழியாக வரக்கூடிய கொஞ்சத் தகவலும் நின்றுவிடும்.

முகத்தைக் கோணுவது, கையை வேகமாக வீசுவது, கட்டுப்பாடில்லாமல் உரத்த ஒலி எழுப்புவது, கவனத்தைத் திருப்பத் தோளைத் தட்டுவது ஆகியவை சைகை மொழிக்காரரின் அன்றாடப் பேச்சின் பகுதிகள். பயிற்சி பெறாத கண்ணுக்கு அவை குடிவெறியாகவும் கோபமாகவும் தாக்குதலாகவும் தெரிகின்றன. ஓர் இளம் கான்ஸ்டபிளை மட்டும் இதற்குக் குறை சொல்லிப் பயனில்லை. இரவில், பதற்றத்தில், ஓரிரு விநாடியில் அவர் முடிவெடுக்க வேண்டும். அதற்கு முன் யாரும் அவருக்கு இதைக் காட்டித் தந்திருக்க வேண்டும்.

முறைப்பாட்டாளராக வரும்போது

காது கேளாதவர் பொலிஸாரைச் சந்திப்பது சந்தேகநபராக மட்டுமல்ல. தனக்கு அநியாயம் நடந்தது என்று சொல்ல வருபவராகவும் அவர் வருகிறார். வர முடியாமல் போவதுதான் அதைவிடக் கொடுமை. 2018 ஜூலையில் சென்னை அயனாவரத்தில் வெளிச்சத்துக்கு வந்த வழக்கைத் தமிழ் வாசகர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். செவித்திறன் குறைந்த ஒரு சிறுமியை, அவள் குடும்பம் வசித்த அடுக்குமாடியில் வேலை செய்தவர்களே மாதக்கணக்கில் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார்கள். 2020 பெப்ரவரியில் சிறுவர் மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் போக்சோ நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. சொல்ல முடியாது, சொன்னாலும் யாருக்கும் புரியாது என்ற கணக்கில்தான் இப்படிப்பட்டவர்கள் காது கேளாத பிள்ளைகளையும் பெண்களையும் குறிவைக்கிறார்கள்.

இங்கேயும் வீட்டார் உரைபெயர்ப்பாளராக வருவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டுக்குள் இருப்பவரே குற்றவாளி என்றால்? கணவர் அடித்தார் என்று சொல்ல வந்த பெண்ணுக்குக் கணவரின் தங்கை குரல் கொடுத்தால், எது எழுதப்படும்? குடும்ப மானம், அயலவர் வாய், வத்தையில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டிய கட்டாயம் எல்லாம் அந்த உரைபெயர்ப்பில் கலந்துவிடும். சில வீடுகளில் பெற்றோருக்காகப் பேச வருவது பத்து வயதுப் பிள்ளை. அம்மாவுக்கு நடந்ததை அந்தப் பிள்ளை ஒரு சார்ஜன்டுக்கு விவரிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

அவசர உதவி எண்களைப் பாருங்கள். பொலிஸுக்கு 119, சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996. எல்லாம் அழைத்துப் பேசுவதற்காக அமைந்த எண்கள். நள்ளிரவில் கதவை உடைக்கும் திருடனைக் கண்ட ஒரு காது கேளாத குடும்பம் 119ஐ அழைத்து என்ன செய்யும்?

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, 5 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் கேட்பதில் சிரமம் உள்ளவர்கள் இலங்கையில் ஏறத்தாழ 3 லட்சத்து 89 ஆயிரம் பேர். இவர்களில் பலர் முதுமையில் கேட்கும் திறன் குறைந்தவர்கள். சைகை மொழியில் வாழ்பவர்கள் இவர்களில் ஒரு பகுதியினர். ஆனால் பின்னாலிருந்து வரும் பொலிஸ் கட்டளை கேட்காமல் போவது எல்லோருக்கும் பொது.

வெளியே செய்திருப்பவை

அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் இரண்டு சம்பவங்கள். 2014 ஜனவரியில் 64 வயதான காது கேளாத சாரதி ஒருவரை நெடுஞ்சாலைப் பொலிஸார் நிறுத்தித் தாக்கினார்கள். ஓட்டுநர் காது கேளாதவர் என்ற அறிவிப்பு அவர் காரிலேயே இருந்தது. அவருடைய மகனும் மருமகனும் பொலிஸ்காரர்கள். 2017 செப்டெம்பர் 19 அன்று அதே நகரில், வீட்டு முற்றத்தில் கையில் குழாயோடு நின்ற 35 வயதுக் காது கேளாத மனிதரைப் பொலிஸார் சுட்டுக் கொன்றார்கள். "அவருக்குக் காது கேட்காது!" என்று அயலவர்கள் கத்திக்கொண்டே இருந்தார்கள். அட்டை ஒட்டுவது நல்லதுதான். எதிரில் நிற்பவருக்கு அதைத் தேடிப் பார்க்கும் பழக்கம் ஊட்டப்படாவிட்டால் அட்டை ஒருவரையும் காப்பாற்றாது என்பதை முதல் சம்பவம் காட்டியது.

நியூயோர்க்கில் 2011இல் கைதான காது கேளாத பெண் ஒருவர் ஒரு நாள் முழுவதும் உரைபெயர்ப்பாளர் இல்லாமல் அடைத்து வைக்கப்பட்டார். 2015இல் நகர நிர்வாகம் 7,50,000 டொலர் கொடுத்து அந்த வழக்கைத் தீர்த்துக்கொண்டது. ஒரு உரைபெயர்ப்பாளரை அழைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பிரித்தானியாவில் 1984ஆம் ஆண்டுப் பொலிஸ், குற்றவியல் சாட்சியச் சட்டத்தின் கீழ் வந்த நடைமுறைக் கோவை, காது கேளாதவரைப் பொலிஸ் காவலில் விசாரிக்க உரைபெயர்ப்பாளர் ஏற்பாடு வேண்டும் என்கிறது. காது கேளாத சமூகத்தோடு தொடர்பு வைத்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற இணைப்பு உத்தியோகத்தர்கள் பல பொலிஸ் படைகளில் இருக்கிறார்கள். 2022 ஜூன் 17 முதல் அங்கே 999 அவசர சேவையைச் சைகை மொழியில் வீடியோ அழைப்பு மூலமே பெறலாம். கைபேசித் திரையில் உரைபெயர்ப்பாளர் தோன்றுவார். அவர் வழியாகப் பொலிஸோ அம்புலன்ஸோ வரும். 24 மணி நேரமும்.

இந்தியாவில் 2013ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தம், பாலியல் குற்றம் பற்றி முறையிட வரும் மாற்றுத்திறனாளிப் பெண்ணின் வாக்குமூலத்தை அவர் வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, உரைபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியர் முன்னிலையில், வீடியோப் பதிவோடு எடுக்க வேண்டும் என்று விதித்தது. வீடியோ இங்கே உயிர்நாடி. எழுதிய தாளில் உரைபெயர்ப்பாளரின் பிழையைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. வீடியோவில் கை பேசியதை இன்னொரு உரைபெயர்ப்பாளர் எப்போது வேண்டுமானாலும் பார்த்துச் சரிபார்க்கலாம். 2021 ஏப்ரலில் பட்டான் ஜமால் வலி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளியின் சாட்சியத்தைத் தரம் குறைந்ததாக எண்ணக் கூடாது என்று தீர்ப்பெழுதி, பொலிஸாருக்கான பயிற்சியையும் வலியுறுத்தியது. 2023 செப்டெம்பரில் சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர் உரைபெயர்ப்பாளரின் துணையோடு அதே நீதிமன்றத்தில் தோன்றினார்.

இலங்கைக்கு அதிகம் பொருந்தும் உதாரணம் மத்தியப் பிரதேசத்தின் இந்தோரில் இருக்கிறது. அங்கே துக்கோகஞ்ச் பொலிஸ் நிலையத்தில் காது கேளாதோருக்கான உதவி மையம் ஒன்று இயங்கி வருகிறது. அதன் பின்னால் இருப்பவர்கள் ஆனந்த் சர்வீஸ் சொசைட்டியின் ஞானேந்திர புரோஹித்தும் மோனிகா புரோஹித்தும். பாகிஸ்தானிலிருந்து 2015இல் இந்தியா திரும்பிய கீதா என்ற காது கேளாத பெண்ணின் குடும்பத்தைத் தேடும் பணியில் ஈடுபட்டதால் நாடறிந்த பெயர்கள். பெரிய கட்டடமோ பெரிய பணமோ இல்லாமல், ஒரு பொலிஸ் நிலையமும் சைகை மொழி தெரிந்த சிலரும் சேர்ந்தால் ஒரு நகரத்தின் காது கேளாதோருக்குப் போக ஓர் இடம் கிடைத்துவிடும் என்பதை இந்தோர் காட்டியிருக்கிறது.

இங்கே செய்யக்கூடியவை

உரைபெயர்ப்பாளர் போதாமைதான் இலங்கையில் முதல் தடை. தமிழும் தெரிந்து சைகையும் தெரிந்தவர் என்றால் இன்னும் அரிது. மேரி சப்மன் அம்மையார் 1912இல் தொடங்கிய பள்ளி இன்று இரத்மலானையில் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்காக யாழ்ப்பாணம் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை 1956இல் வந்தது. சிங்கள எழுத்துகளுக்கும் தமிழ் எழுத்துகளுக்கும் வெவ்வேறு விரலெழுத்து முறைகள் உண்டு. பள்ளிக்குப் பள்ளி சைகைகளும் மாறும். கைதடியில் படித்தவருக்கு இரத்மலானைச் சைகையில் பழகிய உரைபெயர்ப்பாளரைக் கொடுத்துவிட்டு, ஏற்பாடு முடிந்தது என்று சொல்லிவிட முடியாது.

இந்தத் தடையைத் தாண்ட வீடியோ அழைப்பு கைகொடுக்கும். நாட்டில் 600க்கு மேற்பட்ட பொலிஸ் நிலையங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஓர் உரைபெயர்ப்பாளரை அமர்த்துவது நடக்காது. ஆனால் இரு மொழிச் சைகைகளும் தெரிந்த சிலரை ஒரே இடத்தில் சுழற்சி முறையில் அமர்த்தினால், கிராண்ட்பாஸிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் ஒரு திரை வழியாக அவர்களை அழைக்கலாம். பாரதூரமான குற்றங்களுக்கு மட்டும் அவர்கள் நேரில் போகலாம். அதே மையத்தில் 119க்கான குறுஞ்செய்தி, வீடியோ வழிகளையும் சேர்த்துவிட முடியும்.

பயிற்சி களுத்துறைப் பொலிஸ் கல்லூரியிலேயே தொடங்க வேண்டும். அதைக் காது கேளாதவர்களே நடத்த வேண்டும். புதிதாகச் சேரும் கான்ஸ்டபிள் தன் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு சைகை மொழிக்காரரைச் சந்திப்பது நள்ளிரவுச் சோதனையிலா, வகுப்பறையில் தன் ஆசிரியராகவா என்பதில் நிறைய மாறிவிடும். 'நில்', 'பொலிஸ்', 'உதவி வேண்டுமா', 'காத்திருங்கள், ஆள் வருகிறார்' என்ற நாலு சைகைகளைக் கற்க ஒரு பிற்பகல் போதும். அதோடு சில பழக்கங்கள்: டோர்ச் ஒளியை அவர் கண்ணில் அடிக்காமல் தன் முகத்திலும் கையிலும் காட்டுவது, முன்னால் வந்து நின்று பேசுவது, விலங்கிடத்தான் வேண்டுமென்றால் கையை முன்பக்கம் வைத்து இடுவது, உரைபெயர்ப்பாளர் வரும்வரை கைபேசியை விட்டுவைப்பது. நாலு சைகை தெரிந்தவர் உரைபெயர்ப்பாளர் ஆகிவிட மாட்டார் என்பதையும் அதே வகுப்பில் அழுத்திச் சொல்ல வேண்டும். அரைகுறைச் சைகையோடு விசாரணையில் இறங்குவது, சைகையே தெரியாமல் இருப்பதைவிட ஆபத்தானது.

காது கேளாத சமூகமும் பொலிஸாரைப் பற்றிய பயத்தோடுதான் வாழ்கிறது. கொழும்பு வடக்கில் அந்தப் பயம் கேட்பவர்களுக்கும் உண்டு. பிரச்சினை வந்த நாளில் மட்டும் சந்தித்தால் அது நீங்காது. பொலிஸ் நிலையப் பகுதிகளில் இயங்கும் பொதுமக்கள் பாதுகாப்புக் குழுக்களில் காது கேளாத ஒருவருக்கு, உரைபெயர்ப்போடு, ஓர் இருக்கை கொடுக்கலாம். ஐ.நா. அறிவித்த சர்வதேச சைகை மொழிகள் தினம் செப்டெம்பர் 23. அந்த வாரத்தில் காது கேளாதோர் சங்கங்களைப் பொலிஸ் நிலையத்துக்கு அழைத்து, முறைப்பாட்டு மேசை எங்கே, பெண்கள் பிரிவு எங்கே, கைதானால் என்ன உரிமை என்று சுற்றிக் காட்டினால், அடுத்த முறை படியேறும்போது அது அந்நிய இடமாக இருக்காது.

இவற்றில் சிலவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டும், சிலவற்றுக்கு நிதி ஒதுக்க வேண்டும். நாளைக் காலையிலேயே செய்யக்கூடியவையும் உண்டு. கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை நிலையங்களின் பொறுப்பதிகாரிகள் நம்பிக்கையான உரைபெயர்ப்பாளர்களின் தொலைபேசி எண்களை, தமிழ்ச் சைகை தெரிந்தவர், சிங்களச் சைகை தெரிந்தவர் என்று பிரித்து, முறைப்பாட்டு மேசையில் ஒட்டி வைக்கலாம். காது கேளாதவரின் வாக்குமூலம் கைபேசி வீடியோவிலாவது பதிவாக வேண்டும், உறவினர் மட்டும் இருக்கும்போது கையொப்பம் வாங்கக் கூடாது என்று ஓர் உள் அறிவுறுத்தல் போடலாம். 110ஆம் பிரிவின் கீழ் "வாசித்துக் காட்டப்பட்டது" என்று வழக்கமாக எழுதும் இடத்தில், யார் எந்த மொழியில் பெயர்த்துச் சொன்னார் என்று அவர் பெயரோடு எழுத வைக்கலாம். அந்த ஒரு வரி இருந்தால், பின்னால் வரும் நீதவானுக்கும் சட்டத்தரணிக்கும் அந்த வாக்குமூலம் உண்மையில் யாருடையது என்று கேட்டுச் சரிபார்க்க ஒரு பிடி கிடைக்கும்.